மதுவா, பறையோசையா?

அம்மாவின் இரத்தத்தில் சோடியம் 116க்கு இறங்கிய அன்று, அவர் நேவல் பேஸுக்குத் திரும்பிப் போய்விட்டார். உடம்பு என்னவோ மருத்துவமனை வார்டில், ஜன்னலோரக் கட்டிலில்தான் கிடந்தது. அம்மா மட்டும் சிங்கப்பூரின் செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் நின்று தன் அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா இறந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. அந்த வீடு இடிபட்டு அதைவிட அதிக காலம்.

"மூக்குத்திய நீதான எடுத்த? அப்பா வர்றதுக்குள்ள குடுத்துருக்கா."

நான் கையைப் பிடித்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை தம்பி?" என்று கேட்டார். மரியாதையோடுதான் கேட்டார். எனக்கு 52 வயது. அந்த நிமிடத்தில் அவருக்கு 12.

பக்கவாதம் என்று பயந்துதான் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு வந்த இளம் சீன மருத்துவர் ஒரு டிஷ்யூத் தாளில் இரண்டு எண்களை எழுதிக் காட்டினார். இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. அம்மாவுக்கு இருந்தது 116. இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்டு வந்த 'தண்ணி மாத்திரை' உப்பைச் சிறுநீரில் கொண்டுபோய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதோடு அந்த மாதம் நல்ல வெயில். "நிறைய தண்ணி குடிங்கம்மா" என்று ஒன்றரை லிட்டர் போத்தலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, மணிக்கு இவ்வளவு என்று குறித்துக் கொடுத்தவன் நான். மருத்துவரிடம் அதைச் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"உப்பு கொறஞ்சா ஆளே மாறிடுவாங்களா?" என்று என் தங்கை கேட்டாள். எளிமையான கேள்வி. நான் இதை எழுதுவதே அந்தக் கேள்வியால்தான்.

மருத்துவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால், தண்ணீர் உப்பைத் தேடி உயிரணுக்களுக்குள் போகும். கால் வீங்கினால் செருப்பைக் கழற்றி வைக்கலாம். மூளை வீங்கினால் மண்டையோடு இடம் கொடுக்காது. அதனால் குழப்பம், பிதற்றல், இன்னும் போனால் வலிப்பு. சரி, உடனே உப்பை ஏற்றிவிட வேண்டியதுதானே என்றால், அதுவும் கூடாது. மூளை இதற்குள் தன்னிடமிருந்த சில பொருள்களை வெளியே தள்ளி நிலைமைக்குப் பழகியிருக்கும். சடாரென்று உப்பு ஏறினால் தண்ணீர் வேகமாக வெளியேறி, நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள உறையே கெட்டுப்போகலாம். ஒரு நாளைக்கு எட்டுப் புள்ளிக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்றார். சில மணி நேரத்துக்கு ஒரு முறை தாதி வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

ஆக என் தாயார் ஒரு நாளைக்கு எட்டுப் புள்ளி வேகத்தில் எங்களிடம் திரும்பி வந்துகொண்டிருந்தார். 123இல் தமிழ்நாட்டிலிருந்து வந்த யாரோ தூரத்து உறவினன் நான். 128இல், மூன்றாம் நாள் விடியற்காலை, கண்ணைத் திறந்து, "ஏன்டா மூஞ்சி இப்படிக் கெடக்கு? சாப்பிட்டியா?" என்றார்.

நான் செய்யும் வேலையைச் சொல்லாவிட்டால் இதற்கு மேல் போக முடியாது. தீவின் மேற்குப் பக்கம், கணினிகள் வரிசை வரிசையாக ஓடும் ஒரு தரவு நிலையத்தில் குளிரூட்டலையும் மின்சாரத்தையும் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருக்கிறேன். கணினி படித்தவனில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஏர்கான் பழுது பார்க்கத் தொடங்கி, அப்படியே பெரிய இயந்திரங்களுக்கு வந்தவன். மேல் மாடியில் ஓடுவது வங்கிக் கணக்கா, யாரோ பார்க்கும் நாடகமா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர், பம்ப், யுபிஎஸ் பேட்டரி, கீழ்த்தளத்து டீசல் தொட்டி. படங்கள் எல்லாம் 'கிளவுட்'டில் இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்த மேகத்துக்கு ஃபில்டர் மாற்றும் ஆள் நான் என்று சொன்னால் சிரிப்பார்கள். மேகம் என்று பெயர் வைத்தவர் யாரோ, நிச்சயம் ஒரு நாளும் சில்லர் அறைக்குள் காதடைப்பான் இல்லாமல் நின்றிருக்க மாட்டார்.

இந்தச் சின்ன ஊரில் 70க்கும் மேற்பட்ட தரவு நிலையங்கள் இருக்கின்றன. 2020இல் நாட்டின் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு இவற்றுக்கே போனது. 2019இலிருந்து சில ஆண்டுகள் புதிதாக எதையும் கட்ட விடாமல் அரசாங்கம் நிறுத்தியே வைத்திருந்தது, 2022இல்தான் கட்டுப்பாடுகளோடு திறந்துவிட்டது. மின்சாரம், நிலம், தண்ணீர் மூன்றும் இங்கே எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டியவை. 2023இல் வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்கென்று ஒரு தரநிலை வந்தது. அறையை 22 டிகிரியில் உறைய வைக்காதீர்கள், மெல்ல 26க்கும் அதற்கு மேலும் கொண்டு போங்கள், ஒரு டிகிரி கூட்டினால் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சம் என்பது அதன் சாரம். கேட்பவர்களுக்கு இது பொறியியல். எங்களுக்கு அது கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாம் என்ற நல்ல செய்தி.

இரண்டு வருஷத்துக்கு முன், முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு ராத்திரி குளிர்நீர் பம்ப் ஒன்று நின்றுவிட்டது. மாற்றுப் பம்ப் தானாக ஓடியிருக்க வேண்டும், ஓடியது. வால்வு திறக்கவில்லை. நாங்கள் ஓடிப்போய்க் கையால் அதைத் திருகுவதற்குள் ஒரு கூடத்தில், சர்வர்களுக்குக் குளிர்காற்று போகும் பாதையில் வெப்பம் 38 டிகிரிக்குப் போய்விட்டது. நிமிடக் கணக்குதான். முதலில் சர்வர்களின் விசிறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓலமிட ஆரம்பித்தன. பிறகு சில இயந்திரங்கள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொண்டன. பிறகு சில தம்மையே அணைத்துக்கொண்டன. மறுநாள் கூட்டத்தில் மென்பொருள் பக்கத்து ஆள்கள் வரைபடம் போட்டுக் காட்டினார்கள்: முதலில் தாமதம், பிறகு தவறான பதில்கள், பிறகு பதிலே இல்லை.

அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த வரைபடம்தான் நினைவுக்கு வந்தது. தாமதம், தவறான பதில், மௌனம்.

இதை என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். என்னைவிட இளையவர், மென்பொருள் எழுதுபவர், ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் சனிக்கிழமை காலைகளில் சந்திப்போம். பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங்கை ஆற்றியபடி அவர் சொன்னார்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அது ஹார்ட்வேர் கோளாறு. சாஃப்ட்வேர் அப்படியே பத்திரமா இருந்திருக்கு. அதனாலதான் உப்பு ஏறினதும் அம்மா அம்மாவாவே திரும்பி வந்தாங்க."

அவர் வாதத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதற்குப் பின்னால் பெரிய ஆள்கள் இருக்கிறார்கள். கணினி சிந்திக்குமா என்று 1950இல் 'மைண்ட்' என்ற ஆய்விதழில் எழுதியபோது கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் இதைத் தொட்டார். நரம்பும் மின்சாரம், கணினியும் மின்சாரம் என்ற ஒற்றுமையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். சார்ல்ஸ் பாபேஜ் 19ஆம் நூற்றாண்டில் திட்டமிட்ட பொறி பல்சக்கரங்களால் ஆனது. கட்டி முடித்திருந்தால் அதுவும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கும். எதனால் செய்தோம் என்பது முக்கியமில்லை, எப்படிக் கோத்தோம் என்பதுதான் முக்கியம். 1949இல் பில் ஃபிலிப்ஸ் என்ற பொருளியல் அறிஞர் குழாய்களிலும் தொட்டிகளிலும் வண்ண நீரை ஓடவிட்டே ஒரு நாட்டின் பொருளாதாரத்தைக் கணக்கிடும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். பம்ப் வேலை செய்பவன் என்பதால் எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் தனிப் பாசம். வால்வு கசிந்தால் பொருளாதாரமே கசியும் அல்லவா?

ஹிலரி பட்னம் போன்ற தத்துவ அறிஞர்கள் 1960களில் இதை மனத்துக்கும் நீட்டினார்கள். வலி என்பது இன்ன நரம்பின் பெயர் இல்லை, அது ஒரு வேலையின் பெயர். அந்த வேலையை வேறு எது செய்தாலும் அதுவும் வலிதான். எதிர்ப்பக்கம் இன்னொரு தத்துவ அறிஞர், ஜான் சர்ல். 1980இல் அவர் கேட்டது: கணினிக்குள் மழையை உருவகித்தால் யாராவது நனைவார்களா? நம் ஊர் வானிலை ஆய்வாளர்களும் தினமும் கணினியில் மழை பெய்ய வைக்கிறார்கள். அந்த அறையில் யாரும் குடை பிடித்துக்கொண்டு உட்காரவில்லை.

சர்லுக்குப் பதிலும் உண்டு. கணினிக்குள் பெய்யும் மழை நனைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணினிக்குள் போட்ட கூட்டல் கூட்டல்தானே? அது 'உருவகித்த கூட்டல்' என்று யாரும் வங்கியில் போய்ச் சண்டை போடுவதில்லை. அப்படியானால் மனம் மழை வகையா, கூட்டல் வகையா?

இந்தக் கேள்வியை வேறொரு வடிவத்தில் நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன் என்று மண்டைக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. மணிமேகலை. எங்கள் வாசிப்புக் குழுவில் அதை முழுதாகப் படித்து முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. நடுவில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். கழன்றவர்களில் பெரும்பாலோர் 27ஆம் காதையில் கழன்றார்கள் என்று நினைக்கிறேன். வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப்போய் மணிமேகலை அவரவர் தத்துவத்தைக் கேட்கும் காதை அது. கதையே நகராது. எனக்கு என்னவோ பிடித்திருந்தது.

அந்தக் காதையின் கடைசிப் பக்கம் ஒரு பூதவாதி வருகிறார். பூதம் என்றால் பேயில்லை, நிலம் நீர் என்று சொல்கிறோமே அந்தப் பூதம். அவர் சொல்வது இது: தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் சேர்த்து ஊறவைத்தால் அதில் மதுவின் வெறி பிறக்கிறது. தனித்தனியாக எதிலும் அது இல்லை. அப்படித்தான் பூதங்கள் சேரும்போது உணர்வு பிறக்கிறது. பிறகு அந்த உணர்வு என்ன ஆகும்? பறையில் எழுந்த ஓசை கெடுவதுபோல் கெட்டுப்போகும். அவ்வளவுதான், வேறெங்கும் போவதில்லை. நீ சொல்லும் மறுபிறப்பு எல்லாம் மயக்கம்.

மணிமேகலைக்குத் தன் முற்பிறப்பு தெரியும் என்பதால் அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறாள். கண்ணால் கண்டதை மட்டும்தான் ஏற்பேன் என்கிறவரிடம், உன் தாய் தந்தை யார் என்பதை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்டு மடக்குகிறாள். நல்ல அடிதான். ஆனால் பூதவாதி தோற்றுப்போனதில் ஒரு விஷயம் கவனிக்கப்படாமல் போய்விட்டது என்பது என் கட்சி. அவர் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு உவமைகளும் இரண்டு வேறு திசைகளில் இழுக்கின்றன.

மதுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது அந்தப் பூவுக்கும் அந்த வெல்லத்துக்கும் கட்டுப்பட்டது. வெல்லத்துக்குப் பதில் கூழாங்கல்லைப் போட்டு அதே வரிசையில் அதே நேரம் கிளறினால் வெறி பிறக்காது. செய்முறையை எவ்வளவு துல்லியமாக எழுதி வைத்தாலும் அந்தத் தாளை நக்கி யாருக்கும் போதை ஏறாது. பறையோசை அப்படியில்லை. தாளத்தைத் தவிலுக்கு மாற்றலாம், மேசைக்கு மாற்றலாம், தொடையில் தட்டலாம். அடிக்க ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டுமே பொருளை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே 'மனத்துக்கும் கணினிக்கும் ஒரு பௌதிக அடித்தளம் வேண்டுமா' என்று கேட்டால் வேண்டும் என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போகலாம். கேட்க வேண்டியது, மனம் பொருளைச் சார்ந்திருப்பது மதுவைப் போலவா, பறையோசையைப் போலவா என்பது. என் நண்பர் பறையோசைக் கட்சி. சர்ல் மதுக் கட்சி. பூதவாதி, பாவம், இரண்டு கட்சியிலும் உறுப்பினர்.

இன்னொன்றும் சொல்கிறார். உயிரோடு கூடிய, உணர்வுடைய பூதம் ஒன்று. உயிரற்ற, உணர்வில்லாத பூதம் இன்னொன்று. முன்னதிலிருந்து உணர்வு, பின்னதிலிருந்து வெறும் உடம்பு. சிலிக்கான் இதில் எந்தப் பட்டியலில் வரும் என்று அவரிடம் கேட்க ஆசைதான்.

என் தங்கை மகன் உறுமி மேளக் குழுவில் இருக்கிறான். தைப்பூசம் நெருங்கினால் வீட்டில் எதையும் விட்டுவைக்க மாட்டான். சோபா, தலையணை, பாட்டியின் பிஸ்கட் டின். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இன்ன சாமிக்கு அடிக்கிற அடி என்று அந்தத் தலையணையிலேயே தெரியும். அப்படியானால் தாளம் இடம் மாறுகிறது, என் நண்பர் ஜெயித்தார் என்று நினைத்தேன். பையனிடமே கேட்டேன், தலையணையில் எது வராது?

"உறுமல் வராது மாமா," என்றான். "அது அடிக்கிறது இல்ல, தேய்க்கிறது."

உறுமியின் ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மற்றப் பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தோலும் அந்த வளைவும் அந்த அழுத்தமும் சேர்ந்து உராயும்போது எழும் 'ம்ம்ம்' என்ற முனகல்தான் காவடி எடுத்தவரைச் சாமியாட வைக்கிறது. ஈரம் பட்டுத் தோல் தளர்ந்தால் அடி வரும், முனகல் வராது. ஒரே கருவிக்குள் ஒரு பாதி பறையோசை, மறு பாதி மது. மனமும் இப்படி இரண்டும் கலந்த சரக்கோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

நண்பரின் கட்சியில் எனக்கு இருக்கும் மனத்தாங்கலை இப்போது சொல்கிறேன். மென்பொருள் எதில் வேண்டுமானாலும் ஓடும் என்பது உண்மை. ஆனால் அது இயற்கையின் கொடை இல்லை. கூலி கொடுத்து வாங்கிய வசதி.

கணினியின் தற்காலிக நினைவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூஜ்யமும் ஒன்றும் நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் ஒரு துளி மின்னூட்டம். அது ஓட்டைப் பானை, ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் ஒரு முறை எல்லாவற்றையும் படித்து மறுபடி நிரப்புகிறார்கள். நீங்கள் ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் மொத்த நினைவையும் மறுபடி எழுதியாகிவிட்டது. குளிர வைத்தால் ஒழுகல் குறையும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் குளிரூட்டிய நினைவகத்திலிருந்து ரகசியச் சாவிகளை எடுக்க முடியும் என்று 2008இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வானத்திலிருந்து வரும் துகள் ஒன்று பட்டாலும் பூஜ்யம் ஒன்றாகலாம். 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில், மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4,096 வாக்குகள் அதிகமாக விழுந்தன. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண். எங்கோ ஒரே ஒரு பிட், அதாவது ஒரே ஒரு பூஜ்யமோ ஒன்றோ, புரண்டிருக்கிறது. வேறு காரணம் அகப்படாததால் அண்டக் கதிராக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். இதையெல்லாம் தடுக்க நினைவகத்தில் பிழை திருத்தும் பிட்டுகள், இரட்டை மின்வழி, பேட்டரி, டீசல், சில்லர், கடைசியில் ராத்திரி மூன்று மணிக்கு வால்வு திருக என்னைப்போல் ஒருவன்.

இவ்வளவு பேர் கீழே நின்று பொருளைப் பிடித்து வைத்திருப்பதால்தான் மேலே இருப்பவர் பொருளை மறந்துவிட்டு 'எதில் ஓடினால் என்ன' என்று சொல்ல முடிகிறது. அந்த மறதியைத்தான் நாங்கள் தயாரிக்கிறோம். மறப்பதற்கே ஒரு விலை உண்டு என்று கணினி நிறுவனமான ஐபிஎம்மில் இருந்த ரோல்ஃப் லாண்டவர் 1961இல் கணக்குப் போட்டார். ஒரு பிட்டை அழித்தால், அறை வெப்பத்தில், ஏறத்தாழ 3 ஜூல் ஆற்றலை ஒன்றுக்குப் பின் 21 சுழி போட்ட எண்ணால் வகுத்தால் வரும் அளவாவது வெப்பமாகப் போயே தீரும். லேசர் ஒளியில் சிறைப்பட்ட ஒரு நுண்மணியை வைத்து 2012இல் இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். நம் இயந்திரங்கள் அந்த எல்லையைவிடப் பன்மடங்கு வீணாக்குகின்றன, அந்த வீண்தான் என் சம்பளம்.

மூளை இந்த வசதியை வாங்கவில்லை. 1.4 கிலோ எடை, ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள், சுமார் 20 வாட். எங்கள் கூடத்தில் இப்போது வந்து இறங்கும் செயற்கை நுண்ணறிவுப் பெட்டி ஒன்று 10 கிலோவாட் கேட்கிறது. 20 வாட்டில் பிழைக்கிற குடும்பம் மேல்மாடி கீழ்மாடி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியுமா? சமையலும் படிப்பும் படுக்கையும் ஒரே அறையில்தான். 1949இல் ஹாட்ஜ்கின், காட்ஸ் என்ற இரண்டு உடலியல் அறிஞர்கள் கணவாயின் தடித்த நரம்பை எடுத்து, சுற்றியிருந்த கடல்நீரில் சோடியத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். நரம்பில் ஓடிய துடிப்பும் கூடவே சிறுத்தது. தேக்கா சந்தையில் கணவாய் வாங்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது. அங்கே உப்பு, செய்தியைச் சுமக்கும் வண்டி மட்டும் இல்லை. அணுவுக்குள் பாயும் சோடியம்தான் துடிப்பே.

நண்பர் விடவில்லை. இணைப்பு வரைபடம் முழுதாகக் கிடைத்துவிட்டால் போதும் என்றார். மண்ணில் வாழும் ஒரு சின்னஞ்சிறு புழு இருக்கிறது, அதற்கு மொத்தம் 302 நரம்பணுக்கள். எது எதோடு இணைந்திருக்கிறது என்ற வரைபடம் 1986இலேயே வெளியாகிவிட்டது. இன்று வரை அந்தப் புழுவை முழுசாகக் கணினியில் ஊர வைக்க முடியவில்லை. கம்பி எங்கே போகிறது என்று தெரிகிறது. எந்தக் கம்பி எவ்வளவு அழுத்தம், எந்த ரசாயனம் பரவும்போது எது மனம் மாறும் என்பது வரைபடத்தில் இல்லை. அது குழம்பில் இருக்கிறது.

ஆனால் நேர்மையாக எழுத வேண்டுமென்றால் என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் நானே கூப்பிட வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் சில அறுவை சிகிச்சைகளுக்கு நோயாளியின் உடம்பை 18, 20 டிகிரிக்குக் குளிர வைப்பார்கள். இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். மூளையின் மின்னலைகள் தட்டைக் கோடாகிவிடும். அரை மணி நேரம் வரைகூட அப்படி. பிறகு மெல்லச் சூடாக்கினால் ஆள் எழுந்து தன் பெயரைச் சொல்கிறார், பேரப்பிள்ளையைக் கேட்கிறார். தாளம் முழுக்க நின்றுபோய், மறுபடி அதே இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. ஆக, நினைவின் பெரும்பகுதி ஓடும் மின்சாரத்தில் இல்லை, சதையின் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது. அமைப்பு என்றால் பிரதி எடுக்கலாமே என்பார் நண்பர். எடுக்கலாமோ என்னவோ. அந்த அமைப்பு எவ்வளவு நுண்ணிய அளவு வரை போகிறது, எங்கே நிறுத்தினால் பிரதி அம்மாவாக இருக்கும், எங்கே நிறுத்தினால் அம்மா மாதிரி பேசும் ஒன்றாக இருக்கும் என்று கேட்டேன். அவர் கோப்பியைப் பார்த்தார். நானும்தான்.

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. 'சாஃப்ட்வேர் பத்திரமாக இருந்தது' என்றாரே, அது. கோளாறான சர்வர் தவறான பதில் சொல்லும், பிறகு எதுவும் சொல்லாது. இன்னொரு காலத்துச் சண்டையை, முழுசாக, முகபாவத்தோடு போடாது. 116இல் பேசியது என் அம்மாவின் பழுதான பிரதி இல்லை. அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குக் கோபம் வந்தது, பயம் இருந்தது, முன்பின் தெரியாத என்னிடம் மரியாதையாக நடந்துகொள்ளத் தெரிந்தது. அந்த உப்பு அளவில் விளைந்த ஒரு மனம் அது. 128இல் விளைந்தது வேறு. அப்படியென்றால் அந்தச் சின்னப் பெண் இப்போது எங்கே என்று கேட்டால், பூதவாதியின் பறைதான் பதில்.

அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாத்திரையை மாற்றிவிட்டார்கள், தண்ணீருக்கு அளவு வைத்திருக்கிறார்கள். நான் கோடு போட்ட போத்தலைத் தங்கை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள். வார்டில் நடந்தது எதுவும் அம்மாவுக்கு நினைவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்தபோது தானாகவே கேட்டார், அந்த ரெண்டு நாளும் என்னடா பேசினேன் என்று.

சொன்னேன். பெரியம்மா, வரிசை வீடு, மூக்குத்தி.

பாக்குவெட்டி நின்றது. "மூக்குத்தியா? அது எனக்கே மறந்துபோச்சுடா. அம்மா ஊருக்குப் போறப்ப பத்திரமா வைன்னு குடுத்தது. அக்கா எடுத்தான்னு நானும், நான் தொலைச்சேன்னு அவளும்... எங்க போச்சுன்னே தெரியல." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அக்கா என்ன சொன்னா? எடுத்தேன்னு சொன்னாளா?" என்றார்.

"தெரியலம்மா. நீங்க கேட்டுட்டு அவங்க பதிலுக்குக் காத்திருந்தீங்க. அதுக்குள்ள நர்ஸ் ரத்தம் எடுக்க வந்துட்டாங்க."

"அவங்களுக்கு வேற நேரமே கிடைக்கலியா?" என்றபடி மறுபடி பாக்கு வெட்ட ஆரம்பித்தார்.